சொந்தத் தொழில் வேண்டும் என்கிறான் மகன். எதற்காக என்று கேட்டீர்களா?

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

தாராபுரத்திலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் மகன், கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நண்பர்கள் இருவரோடு சேர்ந்து ஒரு செயலி உருவாக்கிச் சொந்தத் தொழில் தொடங்கப் போவதாகச் சொல்கிறான். "தொழில்தான் வேண்டுமென்றால் நம் ஹார்டுவேர் கடையில் வந்து உட்காரட்டும், இல்லையென்றால் வேலைக்குப் போகட்டும்" என்கிறார் உங்கள் கணவர். இரண்டு மாதமாக அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் செய்வது சரியா, தவறா என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தம்பி என்ன தொழில் செய்யப் போகிறான், எவ்வளவு பணம் கேட்கிறான், யாரோடு சேரப் போகிறான் என்பதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எதற்காகச் செய்யப் போகிறான் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் சொல்லும் எந்தப் பதிலும் குறி சொல்வதாகிவிடும்.

உலகெங்கும் தொழில் தொடங்குபவர்களை 1999 முதல் ஆய்வு செய்துவரும் குளோபல் ஆண்ட்ரப்ரனர்ஷிப் மானிட்டர் என்ற அமைப்பு, நெடுங்காலம் அவர்களை இரண்டு கூட்டமாகத்தான் பார்த்தது. வேறு வழியில்லாமல் வந்தவர்கள் ஒரு பக்கம், வாய்ப்பைக் கண்டு வந்தவர்கள் மறுபக்கம். மனிதர்கள் அப்படிக் கச்சிதமாகப் பிரிவதில்லை. அதனால் 2019-லிருந்து நான்கு காரணங்களைச் சொல்லிக் கேட்கிறார்கள்: உலகில் ஏதேனும் மாற்றம் கொண்டுவரவா, பெரும் செல்வம் சேர்க்கவா, குடும்பத் தொழிலைத் தொடரவா, வேலை கிடைப்பது அரிதாக இருப்பதால் பிழைப்புக்காகவா? ஒருவரே இரண்டுக்கும் மூன்றுக்கும் ஆம் சொல்லலாம். மாணவர்களோடு பேசிய அனுபவத்தில் நான் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்வேன். ஒன்று, யாருக்கும் கைகட்டி நிற்கக் கூடாது என்ற சுதந்திர வேட்கை. மற்றொன்று பயம். ஆங்கிலத்தில் பேச வேண்டுமே, ஊரை விட்டுப் போக வேண்டுமே என்ற பயம் பல பிள்ளைகளிடம் 'தொழில்' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. உங்கள் மகனிடம் இருப்பது எது என்று எனக்குத் தெரியாது. இன்டர்வியூவில் தேர்வாகிவிட்டு மறுத்திருக்கிறான் என்பதால் பயமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டும் தோன்றுகிறது.

காரணம் எதுவாக இருந்தால் என்ன, லாபம் வந்தால் போதாதா என்று உங்கள் கணவர் கேட்கலாம். போதாது. எந்தப் பணத்தைத் தொடலாம், எத்தனை மாதம் காத்திருக்கலாம், எப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்ற மூன்றையும் காரணம்தான் முடிவு செய்கிறது.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். கோவையில் என் அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடப்பட்டபோது நான் எட்டாம் வகுப்பு. மூன்று மாதத்தில் வீட்டுத் திண்ணையில் ஒரு மளிகைக் கடை முளைத்தது. முதல் நாள் மாலையே அரிசிக்குக் காசு வேண்டும். ஆறு மாதம் கழித்து வரும் லாபம் எங்களுக்கு உதவாது. அதனால் அப்பா வட்டிக்கு வாங்கவில்லை, பெரிதாகச் சரக்கு நிறைக்கவில்லை, விற்ற காசில்தான் அடுத்த கொள்முதல். 22 ஆண்டுகள் நடத்தினார், எங்கள் மூவரையும் படிக்க வைத்தார், இரண்டாவது கடை திறக்கவே இல்லை. அவருக்குத் தொழில் புத்தி இல்லை என்று உறவினர்கள் பேசியது இன்றும் எனக்கு வலிக்கிறது. பிழைப்புக்காகத் தொடங்கிய தொழில் பிழைப்பைக் கொடுத்தது. அதைவிட வேறு என்ன வெற்றி வேண்டும்? மாலை நேர இட்லிக் கடை போடும் பெண்ணும் வீட்டில் தையல் இயந்திரம் போட்டிருப்பவரும் முழுமையான தொழில்முனைவோர்கள்தான். அவர்களிடம் போய் வளருங்கள், கடன் வாங்குங்கள் என்று அவசரப்படுத்துவது தவறு என்பது என் உறுதியான கருத்து.

அப்படித் தொடங்கியது அப்படியே இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-ல் சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாயில் ஐஸ் கேண்டி செய்யத் தொடங்கியவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. அதுதான் பின்னர் அருண் ஐஸ்கிரீமாகவும் ஹட்சன் நிறுவனமாகவும் வளர்ந்தது. பெரிய போட்டியாளர்கள் நகரத்தில் நிறைந்திருந்தபோது சிற்றூர்களைத் தேடிப் போனார். வயிற்றுப்பாடு தீர்ந்த பிறகு ஒருவர் காரணத்தை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டோம் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமானது கடலூர் சி.கே. ரங்கநாதனின் கதை. அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன், பொருள்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றால் ஏழைகளும் வாங்குவார்கள் என்று நம்பியவர். தந்தைக்குப் பின் அண்ணன்மார் நடத்திய ஷாம்பு தொழிலில் ரங்கநாதனும் இருந்தார். கருத்து வேறுபாடு வந்தது. 1983-ல் 15,000 ரூபாயோடு தனியே வந்து அதே ஷாம்புவைத்தான் செய்தார். அதற்கு வைத்த பெயர் சிக். சின்னி கிருஷ்ணன் என்ற அப்பாவின் பெயரிலிருந்து எடுத்தது. எந்த நிறுவனத்தின் காலி பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம் என்றார். சிறிது காலம் கழித்து, சிக் காலி பாக்கெட் மட்டும்தான் செல்லும் என்று மாற்றினார். இன்றைய கெவின்கேர் நிறுவனத்தின் தொடக்கம் இதுதான்.

உங்கள் கணவரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வீட்டுத் தொழிலில் உட்காருவதற்கும் வீட்டை உதறிவிட்டுப் போவதற்கும் இடையில் பெரிய நிலம் இருக்கிறது. அப்பாவின் கல்லாவில் உட்கார மறுக்கும் பிள்ளை அப்பா கற்றுக்கொடுத்ததையும் மறுக்கிறான் என்று ஆகாது.

சுதந்திரம், செல்வம் என்ற இரண்டையும் பிள்ளைகள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஸோஹோ, வெளி முதலீட்டாளர்களின் பணத்தைச் சாராமல் தன் வருமானத்திலேயே வளர்ந்தது. அதனால்தான் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்புவால் தென்காசிப் பக்கம் அலுவலகம் அமைக்கவும், கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தவும் முடிந்தது; ஏன் என்று கேட்க வெளியாள் இல்லை. அங்கே வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், முதலீட்டாளர் பணத்தோடு வேகமாக வளர்ந்து 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. இரண்டும் சென்னையில் வளர்ந்தவை, இரண்டும் மென்பொருள், இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் முதலீட்டாளரின் பணம் வந்தால் அவருடைய கெடுவும் கூடவே வரும். யாருக்கும் பதில் சொல்லக் கூடாது என்று வேலையை மறுத்த பையன், முதலீடு தேடி அலைவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். தம்பியின் நண்பர்கள் முதலீட்டாளரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மூவரும் ஒரே காரணத்துக்காகத்தான் வருகிறார்களா என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள். பங்காளிகள் பிரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மாற்றம் கொண்டுவர வேண்டும் என்று வருபவர்கள் தனி ரகம். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளோடு தொடங்கியது 1976-ல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. வயது 58. முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகியவர் அவர். பணம் கொடுப்பவர்களின் கட்டணத்தில், கொடுக்க முடியாதவர்களுக்கும் சிகிச்சை. வெளிநாட்டு விழிலென்ஸ் விலை எட்டாதபோது 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸையே இங்கே தயாரித்தார்கள். சேவை நோக்கம் என்றால் கணக்கு வழக்கு வேண்டாம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு நான் அரவிந்தைத்தான் காட்டுவேன். 58 வயது என்பதையும் கவனியுங்கள். 21 வயதில் தொடங்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று தம்பி பதற வேண்டியதில்லை.

வேலையில் இருந்துகொண்டே புதிதாக ஒன்றை உருவாக்குபவர்களும் உண்டு. டாடா குழுமத்தில் பணியாற்றிய செர்க்சஸ் தேசாய், டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் அமைத்த டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தை ஓசூரில் கட்டியெழுப்பினார். சம்பளம் வாங்கினாலும் அதுவும் தொழில்முனைவுதான்.

இனி உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். "ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தங்குவதில்லை, கடைக்கு வரும் விவசாயிகளின் தோட்டத்துக்குப் போய்ச் சொட்டுநீர்க் குழாய் அடைப்பை எடுத்துக் கொடுக்கிறேன் என்று சுற்றுகிறான்" என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். உப்புத் தண்ணீர் ஓடும் குழாயில், செடிக்கு நீரைச் சொட்டவிடும் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்வது உங்கள் பக்கத்து விவசாயிகளுக்குத் தீராத தொல்லை. அவர்கள் உங்கள் கடைக்கு வருகிறார்கள், உங்கள் மகனை நம்பித் தோட்டத்துக்குள் விடுகிறார்கள். நண்பர்களோடு திட்டமிடும் செயலிக்கு வாடிக்கையாளரை இனிமேல்தான் தேட வேண்டும். இங்கே வாடிக்கையாளர் கடை வாசலில் நிற்கிறார். அவன் ஏன் போகிறான்? காசு வாங்குகிறானா? வாங்கவில்லை என்றால் கேட்கக் கூச்சமா, வேண்டாம் என்று நினைக்கிறானா? இதற்கு அவன் சொல்லும் பதிலில் அவனுடைய காரணம் ஒளிந்திருக்கிறது.

பணத்தைப் பற்றி. கையில் உள்ளதிலிருந்து தொடங்கி, எவ்வளவு இழந்தால் தாங்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்பவர்கள்தான் தேர்ந்த தொழில்முனைவோர் என்று, 27 பேரை ஆராய்ந்து சாரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர் எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டில் அந்தத் தொகை எவ்வளவு? நீங்களும் கணவரும் தனியே உட்கார்ந்து ஒரு எண்ணைத் தாளில் எழுதுங்கள். திரும்பி வராவிட்டாலும் தங்கையின் படிப்போ, கடையின் சரக்குச் சுழற்சியோ, உங்கள் நகையோ பாதிக்கப்படக் கூடாது. அந்த எண்ணை மகனிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை என்பதையும் அன்போடு சொல்லுங்கள்.

கடன் தேவைப்படும் கட்டம் வந்தால், திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்துக்கு அவனே நேரில் போகட்டும். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் உற்பத்திக்கும் சேவைத் தொழிலுக்கும் 25 விழுக்காடு மானியம் உண்டு. வாங்கி விற்கும் வியாபாரத்துக்குக் கிடையாது. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. செய்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம். மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே தொழில் தொடங்கியவர்கள் கடன் தவணையில் சிக்கித் தவிப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மானியத்தைக் கடைசியில் யோசியுங்கள்.

வேலையை மறுத்த விஷயம் இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறேன். சேரும் நாள் வரை மூன்று மாதம் இருந்தால், மறுப்பைத் திரும்பப் பெற முடியுமா என்று கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் அவன் கேட்டுப் பார்க்கட்டும். நீங்களோ கணவரோ போய்க் கேட்க வேண்டாம்.

அதற்குள் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். போன தோட்டம், அடைப்புக்குக் காரணம், ஆன நேரம், கேட்ட கூலி, கிடைத்த கூலி, அந்த விவசாயி மறுபடி கூப்பிட்டாரா என்பதை அவன் எழுதி வரட்டும். குழாய் இணைப்பும் வால்வும் உங்கள் கடையிலிருந்தே போகட்டும். அதற்கு அப்பா பில் போடட்டும், மகனுக்குக் கடன் வைக்க வேண்டாம். அந்தச் சாக்கிலாவது இருவரும் பேசிக்கொள்வார்கள். எட்டாவது வாரம் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு தம்பியை என்னிடம் அனுப்புங்கள். முடிந்தால் உங்கள் கணவரும் கூட வரட்டும்.