தக்ளியும் ரொட்டியும்: இலையுதிர்கால வார இறுதிக்கான கேள்வி பதில்

காற்றில் குளிர் ஏறத் தொடங்கியதுமே கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரு சனி, ஞாயிறு முழுக்க வீட்டிலேயே இருந்து நூல் நூற்று, ரொட்டி சுட வேண்டும் என்று பலருக்கும் ஆசை வந்திருப்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பல வருடங்களாக இரண்டையும் சேர்த்தே செய்துவருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, இரண்டு நாளில் நூலும் நூற்று ரொட்டியும் சுட முடியுமா? எனக்கு ஒன்றுக்கே நேரம் போதவில்லை.

முடியும். ரொட்டிக்கு நம் கை தேவைப்படுவது மொத்தமே அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் மாவு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், நாம் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பை நூற்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

நான் செய்வது இது. வெள்ளி இரவு 500 கிராம் மாவு, 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சேர்த்துக் கலந்து, பத்து நிமிடம் பிசைந்து மூடி வைத்துவிடுவேன். இலையுதிர்கால இரவின் குளிர்ச்சியில் அது அவசரப்படாமல் பொங்கும். காலையில் இரு மடங்காகியிருக்கும். சனி காலை உருட்டி வடிவம் கொடுத்தால் அடுத்த ஒன்று, ஒன்றரை மணி நேரம் நமக்கு ஓய்வு. அப்போது தக்ளியை, அதாவது கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிரை, எடுக்கலாம். 220 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம் சுட வேண்டும், அப்போதும் தக்ளி. ரொட்டி ஆற ஒரு மணி நேரம், அப்போதும் தக்ளிதான். சனிக்கிழமை நூற்ற ஒற்றைப் புரியை (ஒரே சரடாக முறுக்கிய நூலை) இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டு, ஞாயிறு காலை இரண்டு புரியாக முறுக்கி, அலசி, உலரப் போடுங்கள். மதியத்துக்கு மேல் கேக் சுடலாம்.

புதிதாகத் தொடங்குபவர் இந்த இரண்டு நாளில் 50 கிராம் கம்பளி நூற்றாலே நல்ல வேகம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தோள்தான் வலிக்கும்.

நூல் அறுந்து அறுந்து தக்ளி தரையில் விழுகிறது. பத்துத் தடவைக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு இது வராதோ?

கட்டாயம் வரும். முதலில் அறுந்த முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனை பஞ்சுபோல் மெல்லியதாகக் கூம்பியிருந்தால் அது அறுந்ததே அல்ல, முறுக்குப் போதாமல் இழைகள் ஒன்றை விட்டு ஒன்று வழுக்கிப் பிரிந்திருக்கிறது. நூலை நூலாகப் பிடித்துவைப்பதே முறுக்குதான். கம்பிபோல் விறைத்துச் சுருண்டு பட்டென்று முறிந்திருந்தால் முறுக்கு அதிகம். தொடக்கத்தில் பத்துக்கு ஒன்பது தடவை முதல் காரணம்தான்.

சுழற்றுவது, இழுப்பது இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். நாற்காலியில் உட்காருங்கள். கம்பளி முனைக்குச் சற்றுக் கீழே நூலை இடது கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தக்ளியைக் கடிகாரச் சுற்றில் சுழற்றுங்கள். பிடிக்குக் கீழே முறுக்கு நன்றாகச் சேர்ந்ததும் தக்ளியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி நிறுத்துங்கள். இனி அது விழ வழியில்லை. இப்போது பிடியை வலது கைக்கு மாற்றி, இடது கையால் மேலே உள்ள கம்பளியை மெல்லப் பின்னுக்கு இழுங்கள். நாலைந்து சென்டிமீட்டர் இழுத்ததும் வலது கை விரல்களை அந்த இழைமேல் மேல்நோக்கி நகர்த்துங்கள். தேங்கியிருந்த முறுக்கு விரலுக்குப் பின்னாலேயே சரசரவென்று ஏறி, கண்ணெதிரிலேயே பஞ்சு நூலாக மாறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

இழுக்க முடியாமல் கல்லாக இருக்கிறதா? இரண்டு கைகளும் மிக நெருக்கமாக இருக்கின்றன என்று அர்த்தம். ஒரே இழையின் இரு முனைகளையும் நீங்களே பிடித்து இழுத்துக்கொண்டிருப்பீர்கள். கம்பளியிலிருந்து ஓர் இழையை உருவி அதன் நீளத்தைப் பாருங்கள். கைகளுக்கு இடையே அதைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி இருக்க வேண்டும்.

தக்ளி என்ன எடை வாங்கலாம்?

கம்பளிக்கு 40 கிராம் அளவில் ஒன்று. ரொம்ப லேசானது சீக்கிரம் நின்று பின்னோக்கிச் சுற்றும். கனமானது மெல்லிய நூலைப் பிய்த்துவிடும்.

வீட்டில் பருத்திப் பஞ்சுதான் இருக்கிறது. அதிலேயே பழகலாமா?

பழகலாம், ஆனால் நான் சொல்ல மாட்டேன். பருத்தி இழை பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. கம்பளி இழை ஏழு, எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். அதில் இயல்பான நெளிவும் மேலே நுண்ணிய செதில்களும் உண்டு. இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் நம் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பருத்திக்கு முறுக்கும் அதிகம் வேண்டும், தக்ளியைக் கிண்ணத்தில் ஊன்றிச் சுழற்றுவதே நல்லது. கை பழகட்டும், அப்புறம் அதற்கு வாருங்கள்.

குளிர் வந்ததிலிருந்து மாவு பொங்குவதே இல்லை. ஈஸ்ட் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டிருக்காது, மெதுவாகியிருக்கும். சமையல் குறிப்பில் "ஒரு மணி நேரம்" என்று இருந்தால் அது வெதுவெதுப்பான அறைக்கான கணக்கு. உங்கள் அறை 18 டிகிரி என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். கடிகாரத்தை விட்டு மாவைப் பாருங்கள். வடிவம் கொடுத்து வைத்த மாவில் மாவு தொட்ட விரலால் ஓர் அமுக்கு. பள்ளம் உடனே நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, பாதி மட்டும் எழுந்தால் ஓவனுக்குத் தயார். எழவே இல்லை என்றால் தாமதமாகிவிட்டது, உடனே உள்ளே வையுங்கள்.

சீக்கிரம் ஆகட்டும் என்று சுடுநீர் ஊற்றாதீர்கள். 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் போதும். மெதுவாகப் பொங்கிய மாவுக்குத்தான் ருசி அதிகம் என்பது என் அனுபவம்.

ரொட்டியைச் சூடாகவே வெட்டலாமா?

மனசு கேட்காதுதான், ஆனாலும் ஒரு மணி நேரம் பொறுங்கள். வெளியே எடுத்த பிறகும் உள்ளே மாவுச்சத்து இறுகிக்கொண்டிருக்கிறது. அதற்குள் வெட்டினால் பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும்.

நூற்ற நூல் தானாகவே சுருண்டு சிக்காகிறது. எங்கே தவறினேன்?

தவறே இல்லை. ஒற்றைப் புரி நூலில் முறுக்கு உயிரோடு இருக்கும், அது சுருளத்தான் செய்யும். அதனால்தான் ஓர் இரவு விட்டுவைக்கச் சொன்னேன், கொஞ்சம் அடங்கும். பிறகு இரண்டு புரிகளைச் சேர்த்து எதிர்ச் சுற்றில், அதாவது நூற்றது கடிகாரச் சுற்று என்றால் இப்போது அதற்கு எதிராக, முறுக்குங்கள். ஒன்றின் வேகத்தை மற்றது தணிக்கும். ஒரு முழம் நூலைத் தளர்வாக வளைத்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். வளையம் சுருளாமல் அமைதியாக நின்றால் சமநிலை வந்துவிட்டது. சற்றே திரும்பினால் கவலை வேண்டாம், அலசும்போது சரியாகும்.

எப்படி அலசுவது? வெந்நீரிலா?

வெதுவெதுப்பான நீரில். முதலில் நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். கட்டாமல் நீரில் போட்டால் பிரிக்கவே முடியாது. இருபது நிமிடம் ஊறவிட்டு, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் தொங்கவிடுங்கள். கீழே எடை கட்டத் தேவையில்லை.

என் முதல் வருடத்தில் சூடான நீரில் போட்டுத் துணி கசக்குவதுபோல் கசக்கினேன். சூடும் உரசலும் சேர்ந்ததில் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, மூன்று வார இறுதிகளின் நூல் ஒரே கட்டியாகிவிட்டது. அதை மீட்க வழியே இல்லை.

ஆப்பிள் கேக் நடுவில் அமுங்கிவிடுகிறது அக்கா.

ஆப்பிள் நிறைய நீர் விடும். துண்டுகளைச் சிறிதாக நறுக்கி, சர்க்கரையும் பட்டைத்தூளும் பிசறிக் கால் மணி நேரம் வைத்து, வடியும் சாற்றை இறுத்துவிட்டுச் சேருங்கள். பேக்கிங் பவுடர் கூடினாலும் அமுங்கும். வேகமாக எழுந்து தாங்க முடியாமல் விழுந்துவிடும். முக்கால்வாசி நேரம் ஆகும்வரை ஓவன் கதவைத் திறக்காதீர்கள்.

மாவுக் கையோடு கம்பளியைத் தொடலாமா?

வேண்டாம். நன்றாகக் கழுவி, முழுக்க உலர்ந்த பிறகே தொடுங்கள். கம்பளியைச் சமையலறைக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். இழை மாவில் விழும், எண்ணெய் வாசனை கம்பளியில் ஏறும்.

என் முதல் சிட்டம் ஒரு இடத்தில் கயிறு மாதிரி, இன்னொரு இடத்தில் மயிரிழை மாதிரி இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

ஐயோ, வேண்டவே வேண்டாம். தடித்தும் மெலிந்தும் வரும் நூல் சிறு தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலாக அவ்வளவு அழகாக இருக்கும். கை பழகிய பிறகு வேண்டுமென்றே முயன்றால்கூட அந்த மேடுபள்ளம் அத்தனை இயல்பாக வராது. அதில் ஒரு முழம் வெட்டி அட்டையில் சுற்றி, என்ன கம்பளி, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். அடுத்த வாரம் நூற்கும்போது அந்த அட்டை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.