நிமோனியாவுக்கு ஆன்டிபயாடிக்: வாசகர்களின் ஐயங்களும் விளக்கங்களும்

பாக்டீரியாவால் வரும் நிமோனியாவுக்கு வீட்டிலிருந்தபடியே மருந்து எடுத்துக்கொள்வோரும் அவர்களைப் பார்த்துக்கொள்வோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். நோயாளியை நேரில் பாராமல் மருந்தையோ அதன் அளவையோ மாற்றச் சொல்வது முறையாகாது. எனவே, எதைக் கவனிக்க வேண்டும், எதை உங்கள் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும் என்பதையே விளக்குகிறேன்.

கேள்வி: என் தந்தைக்கு 62 வயது. நிமோனியா என்று சொல்லி அமாக்ஸிசிலின், கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையை ஏழு நாளைக்கு எழுதித் தந்தார்கள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டதால், இனி மாத்திரை எதற்கு என்று கேட்கிறார். நிறுத்தலாமா?

பதில்: அவராக நிறுத்தக் கூடாது. கிருமிக்கு ஏற்ற மருந்து அமைந்தால் இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் இறங்கத்தான் செய்யும். மருந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். நுரையீரலின் காற்றறைகளில் இருந்த கிருமி முழுவதும் ஒழிந்துவிட்டது என்பதற்கு அது சான்று அன்று.

அதே சமயம், எத்தனை நாள் கூடுதலாகச் சாப்பிடுகிறோமோ அத்தனைக்கு நல்லது என்ற எண்ணமும் சரியன்று. முன்பு 10 நாள், 14 நாள் என்று எழுதுவது வழக்கமாக இருந்தது. அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கமும் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது 5 நாட்கள் மருந்து தர வேண்டும் என்றும், காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு வேகம், ரத்த அழுத்தம், உணவு உட்கொள்ளும் நிலை, மனத்தெளிவு ஆகியவை சீரான பிறகே நிறுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. ஸ்டாஃபைலோகாக்கஸ், லீஜியோனெல்லா போன்ற கிருமிகளால் நோய் வந்திருந்தாலோ நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்துக்கொண்டாலோ நாட்கள் கூடும். ஆகவே, ஐந்தாம் நாளில் தந்தையை மருத்துவரிடம் காட்டி, ஏழு நாளும் தேவையா என்று நேரடியாகக் கேளுங்கள். அது கேட்கத் தகுந்த கேள்விதான். எந்த நல்ல மருத்துவரும் அதனால் வருத்தப்படமாட்டார்.

கேள்வி: நாலு நாளாக ஊசி மருந்து ஏறுகிறது, ஆனாலும் என் கணவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அவர் வயல் வேலை செய்பவர். சர்க்கரை நோயும் உண்டு. இன்னும் வீரியமான மருந்து கேட்க வேண்டுமா?

பதில்: வீரியத்தைப் பற்றிக் கேட்பதைவிட, நோய் இன்னதுதானா என்று மறுபடி பார்க்கச் சொல்வதே முக்கியம். மருந்து தொடங்கி 72 மணி நேரம் கடந்தும் முன்னேற்றம் இல்லையென்றால், நுரையீரல் உறையில் சீழ் சேர்ந்திருக்கலாம், கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படாததாக இருக்கலாம், அல்லது வழக்கமான பாக்டீரியா நிமோனியாவே அல்லாமல் வேறு நோயாக இருக்கலாம்.

தமிழ்நாட்டில் குறிப்பாக மூன்று நோய்களை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களிலும் வயல்களிலும் இருக்கும் நுண்ணிய உண்ணிப் பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் இந்நோய் நுரையீரலையும் தாக்கும். அமாக்ஸிசிலினும் செஃப்ட்ரையாக்ஸோனும் இதற்குப் பயன்படா. டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோதான் வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் அடிமடிப்பு போன்ற மறைவிடங்களில் வலியில்லாத கருநிறப் பொருக்கு இருக்கிறதா என்று நீங்களே பார்த்து, இருந்தால் உடனே காட்டுங்கள். ஆடை விலக்கிப் பார்க்காத அவசரத்தில் இது கண்ணுக்குத் தப்பிவிடுவதுண்டு.

இரண்டாவது, மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது. மழைக்காலத்தில் சேற்றில் வேலை செய்வோரில் சர்க்கரை நோய் உள்ளவர்களை இது அதிகம் பிடிக்கிறது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாட்களும், அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரையும் தேவைப்படும் நோய் இது. ரத்தத்தையும் சளியையும், கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகும். மூன்றாவது, காசநோய். கணவர் செய்யும் வேலை, சர்க்கரை அளவு, கடைசியாக வயலில் இறங்கிய நாள் ஆகியவற்றை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் இன்றே சொல்லுங்கள்.

கேள்வி: இருமலும் காய்ச்சலும் வந்தால் மருந்துக்கடையில் மூன்று நாள் அசித்ரோமைசின் வாங்கிச் சாப்பிடுவோம். இம்முறை அது கேட்கவில்லை. போன வருடம் வாங்கிய லீவோஃப்ளாக்சசின் மீதி இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முன்பெல்லாம் மூன்று நாளில் சரியான காய்ச்சல்களில் பெரும்பாலானவை வைரஸால் வந்தவையாக இருந்திருக்கும். மாத்திரை இல்லாமலும் அவை தீர்ந்திருக்கும். உண்மையான நிமோனியாவில் நிலைமை வேறு. அதற்குப் பெரும் காரணமான நிமோகாக்கஸ் கிருமியின் பல வகைகள் இந்தியாவில் அசித்ரோமைசினுக்குக் கட்டுப்படுவதில்லை. அதனால்தான் மருத்துவர்கள் அதை மட்டும் நம்பாமல் பென்சிலின் அல்லது செஃபலோஸ்போரின் குடும்ப மருந்துடன் சேர்த்துத் தருகிறார்கள். இதயத்துடிப்புக் கோளாறு உள்ள சிலருக்கு அசித்ரோமைசின் ஆபத்தான துடிப்பு மாற்றத்தையும் உண்டாக்கக்கூடும்.

லீவோஃப்ளாக்சசின் விஷயத்தில் என் கவலை இன்னும் பெரியது. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிவிடும். நிமோனியா என்று எண்ணிச் சில நாள் அதைச் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் குறைந்து உடல் தேறுவதுபோல் தோன்றும். சளிப் பரிசோதனையிலும் கிருமி தெரியாமல் போகலாம். நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும். அதற்குள் வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முக்கியமான மருந்தாக இருப்பதும் இதே லீவோஃப்ளாக்சசின்தான். அதற்கும் கட்டுப்படாத கிருமியை நாமே வளர்த்துவிடலாகாது. 2014 மார்ச் முதல் இம்மருந்து, விற்பனைக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட மருந்துகளுக்கான ஹெச்1 அட்டவணையில் இருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதியவர், நோயாளி, அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மீதி மாத்திரையை எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா?

பதில்: கூடாது. நினைவு வந்தவுடன் ஒன்றைப் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டதை விட்டுவிட்டு வழக்கப்படி தொடருங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது. ரத்தம் உறையாமலிருக்க அசினோகூமரால், சர்க்கரைக்குக் கிளைமிபிரைடு, எலும்புக்குக் கால்சியம் ஆகிய மாத்திரைகளைச் சாப்பிடுகிறார். இப்போது நிமோனியாவுக்கு லீவோஃப்ளாக்சசின் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாமா?

பதில்: எழுதிய மருத்துவருக்கு இந்த மூன்று மாத்திரைகளும் தெரியுமா என்பதை முதல் மாத்திரைக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். மூன்றுமே லீவோஃப்ளாக்சசினோடு உறவாடக்கூடியவை. அசினோகூமராலின் வேகம் கூடி ரத்தக்கசிவு ஏற்படலாம் என்பதால், சில நாட்களுக்குள் ஐ.என்.ஆர். எனப்படும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை செய்ய வேண்டும். கிளைமிபிரைடுடன் சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம்; நோயினால் சாப்பாடும் குறைந்திருக்கும் வேளையில் இது மிகவும் ஆபத்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான அமில முறி மருந்து ஆகியவை ஆன்டிபயாடிக்கைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும். ஆகையால் இரண்டுக்கும் இடையே குறைந்தது 2 மணி நேர இடைவெளி வேண்டும். இந்த வயதில், அதிலும் ஸ்டீராய்டு எடுப்பவர் என்றால், குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் வீங்கவோ அறுந்துபோகவோ வாய்ப்புண்டு. அங்கே வலி தொடங்கினால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை அழையுங்கள். சிறுநீரகத்தின் செயல்பாட்டைப் பொறுத்து அளவு குறைக்கப்பட வேண்டியிருக்கலாம். அண்மையில் எடுத்த கிரியாட்டினின் அறிக்கை இருந்தால் காட்டுங்கள்.

கேள்வி: சிறுவயதில் பென்சிலின் ஊசி போட்டபோது எனக்கு ஒவ்வாமை வந்ததாக வீட்டில் சொல்வார்கள். அமாக்ஸிசிலின் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள், ஆனால் "ஒவ்வாமை" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடவும் வேண்டாம். சில நிமிடங்களில் உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது முகம் வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் வந்ததா, அல்லது வயிற்றுப்போக்கோ சில நாள் கழித்து லேசான சிவப்புப் புள்ளிகளோ மட்டுமா என்று வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்துச் சொல்லுங்கள். முன்னது கடும் ஒவ்வாமை. பின்னவை பெரும்பாலும் அப்படியல்ல. பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்வோரில் பெரும்பாலோருக்கு, முறையாகச் சோதித்தால் அது இல்லை என்றே தெரியவருகிறது. தவறான முத்திரையால் நல்ல மருந்து கைவிடப்பட்டு, பக்கவிளைவு மிகுந்த வேறு மருந்துக்குப் போக நேர்கிறது.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொடியாக உள்ள அமாக்ஸிசிலின் சிரப் கொடுத்தார்கள். எப்படிக் கலந்து கொடுப்பது?

பதில்: காய்ச்சி நன்றாக ஆறிய நீரைப் பாட்டிலின் குறியீட்டுக்குச் சற்றுக் கீழ்வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் குறிவரை நிரப்புங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு, சமையலறைக் கரண்டியால் அல்லாமல் அளவுக் குழலால் கொடுங்கள். கலந்தபின் எத்தனை நாள் வைக்கலாம், குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமா என்பதை உறையில் பார்த்து, கலந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள். கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் கேட்டு அதே அளவை மீண்டும் கொடுக்கலாம்.

மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் மூச்சை எண்ணிப் பாருங்கள். அழாமல் அமைதியாக இருக்கும் வேளையில் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மருந்து தொடங்கியும் அந்த வேகம் குறையாவிட்டால் குழந்தையை மறுபடி காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப முடியாமல் உறங்கினாலோ, அடுத்த வேளை மருந்துக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். பெரியவர்களுக்கு 30ஐ எட்டிய மூச்சு வேகம், ஆக்சிமீட்டரில் 94 சதவீதத்துக்குக் கீழ் இறங்கிய ஆக்சிஜன் அளவு, புதிதாக வந்த மனக்குழப்பம் ஆகியவை அதே அளவு அவசரமானவை. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வருவதும் உண்டு.

கேள்வி: மருந்து முடிந்து மூன்று வாரம் ஆகிறது, காய்ச்சல் இல்லை, ஆனால் இருமலும் அசதியும் போகவில்லை. இன்னொரு முறை ஆன்டிபயாடிக் வேண்டுமா?

பதில்: நாளுக்கு நாள் குறைந்துவருகிறது என்றால் வேண்டாம். நிமோனியாவுக்குப் பின் இருமல் ஆறு வாரம் வரையிலும், அசதி மூன்று மாதம் வரையிலும் நீடிப்பது இயல்பு; எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் மறையவும் வாரங்கள் ஆகும். கிருமி ஒழிந்தபின் நுரையீரல் ஆறுவதற்குக் காலம்தான் தேவை. ஆனால் விட்ட காய்ச்சல் திரும்பினாலோ, எடை குறைந்தாலோ, இரவில் வியர்த்தாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ கதை வேறு. அரசு மருத்துவமனையில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம். நீங்கள் புகைப்பவராகவோ 50 வயதைக் கடந்தவராகவோ இருந்தால், ஆறு வாரம் கழித்து மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுத்து, அந்த நிழலுக்குப் பின்னால் கட்டி எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.