யானைய வாங்கியாச்சு தம்பி, தீனி யாரு போடுறது?

தென்னாப்பிரிக்கா டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸ்லேர்ந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு, பேரு, கார் பேரு, கடைப் பேரு எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா போடறேன்.

"வக்கீல் அக்கா, ஜனவரி 20ம் தேதி டர்பன்ல ஒரு யூஸ்டு கார் கடையில 2013 மாடல் ஜெர்மன் டீசல் செடான் ஒண்ணு வாங்கினேன், 1,46,000 கிமீ ஓடினது, விலை 1,85,000 ரேண்ட், 30,000 கையிலேர்ந்து கொடுத்தேன் மிச்சம் பேங்க் லோன் 72 மாசம். காவடிக்கு முன்னாடியே கோயிலுக்கு கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வச்சு பூசை போட்டேன் அக்கா. மே கடைசில எஞ்சின்ல செயின் சத்தம், கடையிலயே ஜூன் 5ல சரி பண்ணி கொடுத்தாங்க, காசு வாங்கல. ஜூலை 29ல அதே சத்தம் திரும்ப வந்து லைட்டும் எரிஞ்சுது, அன்னைக்கே கொண்டுபோனா 'ஆறு மாசம் முடிஞ்சிருச்சு, நீ ஃபுட்ஸ்டோட்ஸ்னு கையெழுத்தும் போட்டிருக்கே'ங்கறாங்க. வெளி மெக்கானிக் 48,000 கேக்கறாரு. இது போக நாலு டயரு, பின் பிரேக், டிபிஎஃப் (டீசல் புகை ஃபில்டர்) லைட்டுன்னு இதுவரைக்கும் 31,000 போச்சு. எல்லாத்தையும் சேத்து கேஸ் போடலாமா, இல்ல இன்ஸ்டால்மெண்ட நிறுத்திட்டு வண்டிய பேங்க்லயே விட்டுடலாமா?"

முதல்ல கடைசி கேள்விக்கு பதில் சொல்லிடறேன், ஏன்னா இதுல தான் நம்ம ஆளுங்க நெறைய பேர் விழறாங்க. நிறுத்தாதீங்க தம்பி, டெபிட் ஆர்டர் ஒரு மாசம் கூட பவுன்ஸ் ஆகக் கூடாது. கடைக்காரன் மேல இருக்கற கோவத்த பேங்க் மேல காட்டினா நஷ்டம் உங்களுக்கு தான், லோன் முடியற வரைக்கும் வண்டி பேங்க் பேருல தான் இருக்கு, நீங்க கட்டலன்னா நேஷனல் கிரெடிட் ஆக்ட் 129ம் பிரிவு நோட்டீஸ் வீட்டுக்கு வரும், கிரெடிட் ரெக்கார்டு கெட்டுப்போகும், அப்புறம் ஃபிரிட்ஜ் கூட தவணைல வாங்க முடியாது. "வண்டிய நானே திருப்பிக் கொடுத்துடறேன்"னு போனாலும் அதே கதை தான், அதுக்கு அந்த சட்டத்துல 127ம் பிரிவு இருக்கு, கேக்க நல்லா இருக்கும், ஆனா பேங்க் அந்த வண்டிய வித்து வர்ற காச கடன்ல கழிச்சுட்டு மிச்சம் குறையற தொகைய உங்ககிட்ட தான் கேக்கும். சத்தம் போடற எஞ்சினோட ஏலத்துக்கு போற வண்டி என்ன விலைக்கு போகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வண்டியும் போய் கடனும் நிக்கும். என் ஆபீஸுக்கு இப்படி வந்தவங்கள பாத்திருக்கேன், அந்த நேரத்துல வக்கீல் செய்யறதுக்கு பெருசா ஒண்ணும் மிச்சம் இருக்காது.

சரி, இப்ப ஃபுட்ஸ்டோட்ஸ். பழைய டச்சு-ஆஃப்ரிகான்ஸ் வார்த்தை, காலால தட்டிப் பாத்துட்டு இருக்கற நிலமைல எடுத்துக்கோன்னு அர்த்தம். இத ஒரு மந்திரம் மாதிரி இன்னமும் எல்லா ஃபார்ம்லயும் அடிச்சு வச்சிருக்காங்க, கீழ கையெழுத்து போட்டுட்டா நமக்கு வாய் அடைஞ்சு போகுது. ஆனா கன்ஸ்யூமர் புரொடெக்ஷன் ஆக்ட், அதாவது 2008ம் வருஷத்து 68ம் நம்பர் சட்டம், 2011ல முழுசா நடைமுறைக்கு வந்ததுக்கு அப்புறம் வியாபாரமா கார் விக்கற ஆளு பொத்தாம்பொதுவா ஃபுட்ஸ்டோட்ஸ்னு எழுதி தப்பிக்க முடியாது. 55ம் பிரிவு, பொருள் நல்ல தரமா, ஓடற நிலமைல, டிஃபெக்ட் இல்லாம, நியாயமான காலம் வரைக்கும் உழைக்கறதா இருக்கணும்னு சொல்லுது, குறை வெளில தெரியற குறையா உள்ள மறைஞ்ச குறையாங்கற பழைய வாதமும் அங்க செல்லாது. ஒரே ஒரு விலக்கு இருக்கு, அது 55(6): இந்த வண்டில இன்ன இன்ன நிலமை இருக்குன்னு உங்ககிட்ட தெளிவா சொல்லி, அத தெரிஞ்சே நீங்க ஒத்துக்கிட்டிருந்தா அந்த விஷயத்துக்கு மட்டும் அவன் தப்பிக்கலாம். உங்க ஃபார்ம எடுத்து பாருங்க, "டைமிங் செயின் தேஞ்சிருக்கு"ன்னு எங்கயாவது எழுதியிருக்கா? நீங்க அனுப்பின காப்பில எனக்கு தெரியல. "பம்பர்ல கீறல், சீட்டுல கிழிசல்"னு தான் இருக்கு. அப்ப பம்பர், சீட்ட பத்தி நீங்க பேச முடியாது, செயின பத்தி பேசலாம்.

தானமா வந்த மாட்ட பல்ல பிடிச்சு பாக்கக் கூடாதும்பாங்க, இது தானமா வந்தது இல்ல, 1,85,000 கொடுத்து வாங்கினது, தாராளமா பிடிச்சு பாக்கலாம்.

அடுத்தது அந்த ஆறு மாசம். கடைக்காரன் சொன்னது பாதி உண்மை, அதனால தான் ஆபத்து. 56(2)ம் பிரிவுல, பொருள் கைக்கு வந்த நாள்லேர்ந்து ஆறு மாசத்துக்குள்ள நீங்க திருப்பிக் கொடுக்கலாம், ரிப்பேரா, மாத்தித் தர்றதா, காசான்னு தேர்ந்தெடுக்கறது நீங்க, திருப்பற செலவும் ரிஸ்க்கும் அவனோடது. இதுல கைக்கு வந்த நாள்ங்கறத கவனிங்க, ஜனவரி 20ங்கறது இன்வாய்ஸ் தேதியா இல்ல சாவி கொடுத்த தேதியா? பேங்க் அப்ரூவல் வர நாலஞ்சு நாள் இழுக்கும், பத்து நாளும் இழுக்கும், பிப்ரவரில தான் வண்டி கைக்கு வந்துச்சுன்னா ஜூலை 29ல நீங்க கொண்டுபோனப்ப ஆறு மாசமே முடியல. டெலிவரி நோட்ட தேடுங்க, அது கிடைக்கலன்னா இன்சூரன்ஸ் ஆரம்பிச்ச தேதிய பாருங்க, வண்டி வந்த அன்னைக்கு வாட்ஸ்அப்ல மாலை போட்டு ஃபோட்டோ அனுப்பியிருப்பீங்கல்ல, அதுவும் சாட்சி தான்.

அது ஜனவரி 20 தான்னு ஆனாலும் பரவால்ல, உங்க கேஸோட உயிர் வேற எடத்துல இருக்கு. 56(3). ரிப்பேர் பண்ணின நாள்லேர்ந்து மூணு மாசத்துக்குள்ள அந்த குறை சரியாகலன்னாலோ, வேற குறை தெரிய வந்தாலோ, விக்கறவன் வண்டிய மாத்திக் கொடுக்கணும், இல்லன்னா காச திருப்பிக் கொடுக்கணும். இன்னொரு தடவ ரிப்பேர்ங்கற பேச்சே அந்த வரில இல்ல. ஜூன் 5ல ரிப்பேர், செப்டம்பர் 5 வரைக்கும் அந்த கணக்கு ஓடுது, சத்தம் திரும்ப வந்தது ஜூலை 29. ஆறு மாசக் கடிகாரம் நின்னாலும் இந்த மூணு மாசக் கடிகாரம் தனியா ஓடிட்டு இருக்குங்கறது தான் என் வாதம், சட்டத்தோட வார்த்தைய அப்படி தான் நான் படிக்கறேன், எதிர்த்தரப்பு வேற மாதிரி படிக்க முயற்சி பண்ணும், பண்ணட்டும். இதுக்கு ஜூன் 5 ஜாப் கார்டு ரொம்ப முக்கியம், அதுல "சத்தம் செக் பண்ணோம்"னு மொட்டையா எழுதியிருக்காங்களா இல்ல "செயின் டென்ஷனர் மாத்தினோம்"னு இருக்கான்னு பாருங்க. கடையில காப்பி கொடுக்கலன்னா மெயில்ல கேளுங்க, ஃபோன்ல கேக்காதீங்க.

இப்ப எல்லாரும் தப்பு பண்ற எடத்துக்கு வரேன். எல்லாத்தையும் சேத்து 48,000மும் 31,000மும் ஒரே மூட்டையா கட்டி கொண்டுபோனா உங்க நல்ல கேஸ கெட்ட கேஸ் இழுத்துட்டு போயிடும். 2021ல ப்ளூம்ஃபான்டீன்ல உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துல ஒரு கார் கேஸ் வந்துச்சு, கீழ் கோர்ட்ல காச திருப்பிக் கொடுன்னு வந்த தீர்ப்ப அங்க ரத்து பண்ணாங்க, வாங்கினவருக்கு பிடிக்காத ஒவ்வொரு சின்ன குறையும் டிஃபெக்ட் ஆயிடாது, சட்டத்துல சொன்ன மாதிரி கணிசமான குறைன்னு நிரூபிக்கணும்ங்கறது அதுலேர்ந்து நாம எடுத்துக்க வேண்டிய பாடம். அதனால உங்க லிஸ்ட பிரிப்போம்.

செயின், கடைக்காரன் கணக்கு. செயின்ங்கறது பிரேக் பேட் மாதிரி தேஞ்சு தேஞ்சு மாத்தற சாமான் இல்ல, அறுந்தா எஞ்சினே போயிடும், அதுவும் சில ஜெர்மன் டீசல்ல, உதாரணத்துக்கு பி.எம்.டபிள்யூவோட என்47 எஞ்சின்ல, செயின் முன்பக்கம் இல்லாம பின்னால கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும், மாத்தணும்னா எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும், கூலியே தலைய சுத்த வைக்கும். அஞ்சு மாசத்துக்குள்ள செயின் சத்தம் போடுதுன்னா விக்கும்போதே அது தேஞ்சு போய் இருந்திருக்கும்னு சொல்றது நியாயமான வாதம், ஆனா என் வாய் வார்த்தை பத்தாது, மெக்கானிக் எழுதிக் கொடுக்கணும்.

நாலு டயரு, பின் பிரேக், அது உங்க கணக்கு தம்பி, கோவிச்சுக்காதீங்க. ரன்ஃபிளாட் டயரு வெல ஜாஸ்தி, நம்ம ரோட்டு குழில ஒண்ணு போனா ஸ்டெப்னியும் கிடையாது, ஆனா அது காரோட குணம், குறை இல்ல.

டிபிஎஃப் லைட்டு, பெரும்பாலும் உங்க கணக்கு தான். வீட்லேர்ந்து மவுண்ட் எட்ஜ்கோம் வேலைக்கு பத்து நிமிஷம், ரோபோவுக்கு ரோபோ (டிராஃபிக் சிக்னல் தான்) நின்னு நின்னு போறீங்க, அந்த ஃபில்டர் தன்னைத் தானே சுத்தம் பண்ணிக்க ஹைவேல சூடா கொஞ்ச நேரம் ஓடணும். மேரிட்ஸ்பர்க் வரைக்கும் என்3 ஹைவேல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன், ஆனா செயின் சத்தத்தோட இப்ப அத பண்ணாதீங்க! இன்னொன்னு, கந்தகம் கம்மியான 50 பிபிஎம் டீசலா, ஜாஸ்தியான 500 பிபிஎம் டீசலா போட்டீங்க? எதிர்த்தரப்பு வக்கீல் கேக்கற மொதல் கேள்வி இதுவா தான் இருக்கும், பேங்க் ஆப்ல பெட்ரோல் பங்க் ஸ்லிப் எல்லாம் எடுத்து வையுங்க.

ஓட்டற செலவு தாங்கலன்னு நீங்க எழுதினதுக்கு சட்டத்துல மருந்து இல்ல. புது பி.எம்.டபிள்யூ வாங்கறவனுக்கு மோட்டார் பிளான் 5 வருஷம் இல்லன்னா 1,00,000 கிமீ, அது வரைக்கும் சர்வீஸ் எல்லாம் கம்பெனி தலையில, மத்த சொகுசு காருக்கும் இதே மாதிரி ஏதாவது இருக்கும், அது முடிஞ்ச கையோட மொதல் ஓனர் வித்துட்டு போறதுக்கு காரணம் உண்டு. விலை தான் பாதிக்கும் கீழ இறங்கும், பார்ட்ஸ் விலை இறங்காது. "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்"னு சொல்லி வித்த ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கு அத செய்யற இசட்.எஃப் கம்பெனியே 80,000லேர்ந்து 1,20,000 கிமீக்குள்ள ஆயில் மாத்தச் சொல்லுது. எங்கப்பா டர்பன் மெரிபேங்க்ல இருந்தப்ப ஒரு பழைய ஜெர்மன் கார் வச்சிருந்தாரு, வார நாள் பூரா பாக்கில (சின்ன பிக்அப் வண்டி) போவாரு, கார் ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும் தான், யானைய கட்டி தீனி போடறேன்னு அம்மா திட்டுவாங்க.

கடையில சேத்து வித்த வாரண்டி ஒண்ணு இருக்குன்னு எழுதியிருக்கீங்க, சர்வீஸ் புக் இல்லன்னு அவங்க கைய விரிச்சுட்டாங்க. விடுங்க. 56(4)படி சட்டம் கொடுக்கற வாரண்டி அதுக்கு மேல கூடுதலா இருக்கறது, அந்த கம்பெனி மறுத்தா கடைக்காரன் பொறுப்பு குறையாது.

என்ன செய்யணும்னா, வண்டிய ஓட்டறத நிறுத்துங்க, சத்தம் தெரிஞ்சும் ஓட்டி எஞ்சின் உடைஞ்சா பழி உங்க மேல திரும்பும். வெளி மெக்கானிக்கு எஞ்சின திறக்கவே கூடாது, திறந்துட்டா "அவன் தான் கெடுத்தான்"னு சொல்ல கடைக்காரனுக்கு வழி கிடைக்கும், திறக்காம டயக்னாஸ்டிக் போட்டு, சத்தம் எங்கேர்ந்து வருது, எவ்வளவு நாளா தேஞ்சிருக்கும்னு ஆர்.எம்.ஐ (மோட்டார் தொழில் சங்கம்) மெம்பரா இருக்கற ஒர்க்ஷாப்ல எழுதி வாங்குங்க. அத வச்சு கடைக்கு மெயில்: வாங்கின தேதி, கைக்கு வந்த தேதி, ஜூன் 5 ரிப்பேர், ஜூலை 29, 56(3)படி வண்டிய திருப்பறேன் காச கொடுங்க, வண்டி எங்க நிக்குது, நீங்களே டோ பண்ணி எடுத்துக்கலாம். மரியாதையா, கெட்ட வார்த்தை இல்லாம. பேங்க்குக்கும் ஒரு காப்பி, ஏன்னா காசு திரும்பி வந்தா மொதல்ல லோன் செட்டில் ஆகணும், மிச்சம் தான் உங்களுக்கு. லோன்ல வாங்கினதால இந்த சட்டம் செல்லாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, லோன் ஒப்பந்தம் தான் அதுக்கு வெளில, லோன்ல வாங்கின பொருள் உள்ள தான் இருக்கு. ஓட்டின கிலோமீட்டருக்கு கழிச்சுக்கறேன்னு கடைக்காரன் பேரம் பேசுவான், நான் உங்க எடத்துல இருந்தா கொஞ்சம் விட்டுக் கொடுப்பேன், கோர்ட்ல இழுக்கறத விட மலிவு.

அவன் அசையலன்னா மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்புட்ஸ்மன், மியோசாம்பாங்க, உங்களுக்கு செலவில்ல, வக்கீலும் வேண்டாம். அதுக்கப்புறம் நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷன். நேரா கோர்ட்டுக்கு போகலாம்னு நெறைய பேர் துள்றாங்க, 69ம் பிரிவு மத்த வழி எல்லாம் முடிச்சுட்டு கோர்ட்டுக்கு வான்னு சொல்லுது, அத காட்டியே எதிராளி உங்கள இழுத்தடிப்பான். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்ல 20,000 வரைக்கும் தான், உங்களுக்கு ஆகாது. டிஸ்ட்ரிக்ட் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் 2,00,000 வரைக்கும் பாக்கும், 1,85,000 அதுக்குள்ள அடங்குது, கடைசி வழியா அத வச்சுக்குவோம்.

இதே வண்டிய ஃபீனிக்ஸ்ல பக்கத்து வீட்டு மாமாகிட்ட வாங்கியிருந்தா நான் இவ்வளவு தெம்பா பேசியிருக்க மாட்டேன், அது வியாபாரம் இல்ல, அங்க ஃபுட்ஸ்டோட்ஸ் இன்னமும் செல்லும், குறைய தெரிஞ்சே ஏமாத்தணும்னு மறைச்சாருன்னு நிரூபிச்சா தான் உண்டு. வீட்டு வாசல்லயே மாசம் மூணு கார் வாங்கி விக்கற மாமான்னா கதை வேற, அவரும் வியாபாரி தான்.

மெயில் செப்டம்பர் 5க்கு முன்னாடி போயிடணும், இந்த வாரமே போனா இன்னும் நல்லது. வண்டிய எடுக்க ஆள் வந்தா கிலோமீட்டர் ரீடிங்க ஃபோட்டோ எடுங்க, வாங்கினேன்னு கையெழுத்து போட்ட சீட்டு இல்லாம சாவி ரெண்டையும் கொடுத்துடாதீங்க.