பழைய கம்ப்யூட்டர், 12 ஆயிரம் ரூபாய்: எந்த கார்டு போடலாம்?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் கம்ப்யூட்டர் 2014-ல் வாங்கியது. ஐ5-4460 பிராசசர், எச்81 போர்டு, 8 ஜிபி ரேம் ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு. ஜிடிஏ 5, வாலரண்ட் கேம் இரண்டும் திக்காமல் ஓட வேண்டும். கையில் 12,000 ரூபாய்தான் இருக்கிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டாம் தம்பி. கார்டைக் குறை சொல்லவில்லை, உங்கள் போர்டுக்கு அது ஒத்துவராது. 6500 எக்ஸ்டிக்குப் போர்டோடு இருக்கும் தொடர்பு 4 லேன், அதாவது டேட்டா போகும் தடம், மட்டுமே. கார்டு செருகும் ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 ஆக உள்ள புதிய போர்டில் அந்த 4 லேனில் வினாடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். எச்81-ல் இருப்பது 2.0. அதே 4 லேனில் 2 ஜிபிதான் போகும். கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்து இந்தச் சந்து வழியாகத்தான் இழுக்க வேண்டும். நெல்லை ஆனித் தேரோட்டத்தன்று வாகையடி முக்கில் மாட்டிய ஆட்டோ மாதிரி படம் நின்று நின்று நகரும்.

செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1650 தேடுங்கள். அதற்கு 16 லேன், ஆகவே பழைய 2.0 போர்டிலும் 8 ஜிபி வேகம் கிடைக்கும். 75 வாட் கார்டு. தனியாக பவர் ஒயர் கேட்காத மாடல்கள் உண்டு. மேல் விளிம்பில் 6 பின் சாக்கெட் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். ஏழாயிரத்துக்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள், மற்றதற்குக் காசு மிஞ்சாது. ‘8 ஜிபி மெமரி’ என்று ஆர்எக்ஸ் 580-ஐக் காட்டி ஆசை காட்டுவார்கள். அது 185 வாட். கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங்கில் ராப்பகலாக ஓடிய கார்டுகளும் அதில் நிறையக் கலந்திருக்கும்.

கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படியுங்கள். ‘450 வாட்’ என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பாதீர்கள். +12V என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட், அவ்வளவுதான். பிராசசருக்கு 84, கார்டுக்கு 75 போக, ஃபேனுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஒன்றும் தேறாது. 12V1, 12V2 என்று இரண்டு கட்டம் இருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாட் கணக்கு தனியாக அச்சிட்டிருக்கும், அதுதான் சரி. 25 ஆம்பியருக்குக் குறைந்தால் 80 பிளஸ் என்ற மின்திறன் முத்திரையுள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் புதிதாகவே வாங்குங்கள். இதை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். கேம் நடுவில் பட்டென்று மொத்தமும் அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல்தான். மெல்ல மெல்ல வேகம் குறைந்தால் அது சூடு.

கார்டை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற மென்பொருளை மாற்றி, 1050 டிஐ என்ற உயர்ந்த மாடலின் பெயரைக் காட்ட வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அப்படிப்பட்ட கார்டைப் பெரும்பாலும் ‘ஃபேக்’ என்றே காட்டிக்கொடுக்கும். கார்டை முழு வேகத்தில் சோதிக்கும் ஃபர்மார்க் என்ற மென்பொருளை 20 நிமிடம் ஓட விடுங்கள். திரையில் கோடு, புள்ளி, நிறச் சதுரம் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

ரேம் இன்னொரு 8 ஜிபி, டிடிஆர்3 1600. இரண்டு ஸ்லாட்டும் நிறைந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனலில் ஓடும். எச்81 ஏற்பதே 16 ஜிபிதான். ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கும் சில ரேம்களில் ‘ஏஎம்டி போர்டுக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். அதை உங்கள் போர்டில் செருகினால் திரையே வராது. மிஞ்சும் காசில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று. போர்டில் 6 ஜிபி என்று குறித்த சாக்கெட்டில் மாட்டுங்கள். கேம் திறக்கும் நேரம் குறையும், எஃப்பிஎஸ், அதாவது வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, ஏறாது.

விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றாதீர்கள். உங்களுடைய 4-ஆம் தலைமுறை பிராசசர் அதன் பட்டியலில் இல்லை. எப்படியோ ஏற்றினாலும், டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் அதில் வாலரண்ட் திறக்காது. விண்டோஸ் 10-லேயே விளையாடுங்கள். அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, ஆகவே வங்கி வேலையை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கேம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் எல்லாம் மெதுவாகிவிடுகிறது. வீட்டில் அம்மாவும் அக்காவும் பீடி சுற்றுகிறார்கள். அந்தத் தூள் காரணமாக இருக்குமா?
– பிளஸ் 2 மாணவர், முக்கூடல்

பதில்: நிச்சயம் இருக்கும். புகையிலைத் தூள் மாவு மாதிரி. பிராசசர் ஃபேனுக்கும் அதற்கடியில் உள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையே கம்பளி விரித்தது போல் படிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுற்றுவதுதான் தெரியும், காற்று கீழே இறங்கியிருக்காது. மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஃபேனைக் கழற்றி, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, பிறகு புளோயர் பிடியுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் வழிந்து போர்டில் இறங்கும். கூலரின் நான்கு கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். ‘டிக்’ என்று கேட்டாலும் நம்பாமல், நான்கு முனையும் போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் ஏறாவிட்டாலும் பழைய சூடு திரும்பிவிடும். கேமில் 80 டிகிரிக்குள் நின்றால் நல்லது. 100-ஐத் தொட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபினெட்டைத் தரையிலிருந்து தூக்கி, பீடிச் சுளகு வைக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி ஒரு ஸ்டூலில் வையுங்கள். மாதம் ஒரு முறை பிரஷ் போதும்.

கேள்வி: ஆன் செய்தால் ‘பீப் பீப்’ சத்தம், திரை வரவில்லை. ரேமைக் கழற்றி மாட்டினால் வருகிறது. பத்து நாளில் மறுபடியும் அதேதான். புது ரேம் வாங்கவா?
– வாசகர், உவரி

பதில்: இப்போது வேண்டாம். கடற்காற்றில் ரேமின் தங்கநிறப் பற்களிலும் ஸ்லாட்டிலும் உப்பு படியும். பள்ளிக்கூட ரப்பரால் பற்களை இரண்டு பக்கமும் லேசாகத் தேய்த்து, ரப்பர் துகளை முழுதும் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே ரேமை மாட்டுங்கள். கடிகாரமும் தேதியும் பழையதற்கே திரும்பிப் போகிறது என்றால் போர்டிலுள்ள சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.