நீட் போனால் புரதமா?

வணக்கம் அம்மா,

டாக்டர் சீட் கிடைக்காத ஏமாற்றத்தில்தான் மகள் புரதம் திரள்வதை ஆராயும் இந்தப் பக்கம் சாய்கிறாளோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முக்கால் மணி நேரம் பேசினாள், கட்-ஆஃப் பேச்சையே எடுக்கவில்லை. சர்க்கரை நோயுள்ள பாட்டியின் கணையத்தில் படியும் புரதம் எலியின் கணையத்தில் ஏன் படிவதில்லை என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நல்ல கேள்வி அது. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினோடு அமைலின் என்ற சின்னப் புரத ஹார்மோனையும் சுரக்கின்றன. வெறும் 37 அமினோ அமிலம்தான். டைப் 2 சர்க்கரை உள்ள பலருக்கு அது இழை இழையாகத் திரண்டு கணையத்தில் படிகிறது. திரளும்போது பீட்டா செல்களையும் கெடுக்கிறது. எலியின் அமைலினில் 25, 28, 29 ஆகிய இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருப்பதால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. இதைப் பார்த்துத்தான் பிராம்லின்டைட் என்ற சர்க்கரை நோய் மருந்தை உருவாக்கினார்கள். 2005-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அல்சைமர், பார்க்கின்சன் நோய்களில் திரளும் புரதங்கள் வேறு, திரளும் விதம் கிட்டத்தட்ட இதேதான்.

சரி, வேலை எப்படி இருக்கும்? சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் புரதக் கரைசலோடு தயோஃபிளேவின் என்ற சாயத்தைக் கலந்து கருவிக்குள் வைப்பார்கள். இழை உருவானால் சாயம் ஒளிரும். திரையில் கோடு நெடுநேரம் தரையோடு கிடக்கும், அப்புறம் சட்டென ஏறும். ஏற்கெனவே திரண்டதில் துளி சேர்த்தால் அந்தக் காத்திருப்பே இருக்காது. பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. நாள் முழுக்கக் காத்திருந்து, கோடு ஏறாமலே போனாலும் மறுநாள் தட்டை மறுபடி நிரப்பும் பொறுமை வேண்டும். அவளுக்கு அது இருக்கிறதா என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

பெயர் கவர்ச்சியாக இருக்கிறது என்று ஏதோ ஒரு கல்லூரியில் பயோடெக் பி.டெக். சேர்த்துவிடாதீர்கள். ஆய்வகம் பூட்டியே கிடக்கும் கல்லூரிகளைப் பார்த்திருக்கிறேன். நல்ல அரசு அல்லது உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலோ உயிர்வேதியியலோ போதும். மூன்றாம் ஆண்டில் ஜாம் (JAM) என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி., பெங்களூரு ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. என்று வழி திறக்கும். கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

பணத்தைப் பற்றி அவள் அப்பா கேட்பார். நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறி, பிஎச்.டி. படிக்க ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி. ஆனால் பிஎச்.டி. முடிக்க வயது 27, 28 ஆகிவிடும், அதை மறைக்க மாட்டேன். அவ்வளவு காலம் முடியாதென்றால் எம்.எஸ்சி.யோடு நிறுத்தி, பெங்களூரு, ஹைதராபாத்தில் இன்சுலினும் ஆன்டிபாடி மருந்துகளும் செய்யும் நிறுவனங்களுக்கு முயலலாம். குப்பிக்குள் புரதம் திரண்டால் மருந்து வீண் என்பதால், இதைப் படித்தவர்களுக்கு அங்கே வேலை உண்டு.

ரிப்பீட்டர் கோச்சிங்குக்கு அட்வான்ஸ் கட்டப்போவதாகச் சொன்னீர்களே, அதற்கு முன் அவளிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.