வகுப்பில் பார்த்த ரத்தப் பிரிவு அப்பாவோடு ஒத்துப்போகவில்லையே?

கேள்வி: பள்ளியில் உயிரியல் செய்முறைக்காக எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தப் பிரிவு பார்த்தார்கள். எனக்கு ‘ஓ’ என்று வந்தது. அம்மாவும் ஓ. ஆனால் அப்பாவின் பழைய அட்டையில் ‘ஏபி’ என்று இருக்கிறது. இப்படி வரவே வராது என்கிறது பாடம். முடிவுகளைப் பெயரோடு கரும்பலகையில் எழுதியதால் தோழி ஒருத்தியும் கேட்டுவிட்டாள். வீட்டில் கேட்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் உங்கள் ஓ நிஜமாகவே ஓதானா என்று பார்த்துவிடுவோம். எனக்கு அதில்தான் சந்தேகம்.

பாடத்தில் உள்ள கணக்கு சரி. ஓ பிரிவு அம்மாவிடமிருந்து ஓ மரபணு மட்டுமே வரும். ஏபி பிரிவு அப்பாவிடமிருந்து ஏ அல்லது பி ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். ஆக, பிள்ளை ஏ அல்லது பி. ஆனால் கணக்கில் போட்ட விவரமே தவறாக இருந்தால்?

வகுப்பில் செய்தது ஸ்லைடு சோதனை. ஒரு சொட்டு ரத்தத்தில் ஏ செல்களைத் திரள வைக்கும் நீல நிற ஆன்ட்டி-ஏ மருந்து, இன்னொரு சொட்டில் பி செல்களைத் திரள வைக்கும் மஞ்சள் நிற ஆன்ட்டி-பி மருந்து. எதில் ரத்தம் திட்டுத்திட்டாகத் திரள்கிறதோ அதுவே பிரிவு. இரண்டிலும் திரளாவிட்டால் ஓ. சிக்கல் இங்கேதான். காலாவதியான மருந்தும், குளிர்ப்பெட்டிக்கு வெளியே நாள்கணக்கில் கிடந்து வீரியம் போன மருந்தும் ரத்தத்தைத் திரள வைக்காமல் போகலாம். அப்போது ஏ பிரிவுக்காரரும் ஓ ஆகிவிடுவார். மருந்துக்கு ரத்தம் அதிகமாகிவிட்டாலோ, சரியாகக் கலக்காவிட்டாலோ இதே கதைதான். இதனால்தான் ஆய்வகத்தில் பிரிவு தெரிந்த ரத்தத்தைக் கொண்டு மருந்து வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே சோதிப்பார்கள். அதோடு நிற்காமல், உங்கள் பிளாஸ்மாவை (ரத்தத்தில் செல்கள் நீங்கிய திரவம்) தெரிந்த ஏ, பி செல்களோடு கலந்து எதிர்த்திசையிலும் பார்ப்பார்கள். உண்மையான ஓ என்றால் அங்கே இரண்டுமே திரள வேண்டும். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால்தான் முடிவு கொடுப்பார்கள். வகுப்பறையில் இதையெல்லாம் யாரும் செய்வதில்லை. அப்பாவின் அட்டையும் இதே போன்ற ஒரு ஸ்லைடைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம்; ஸ்லைடின் ஓரம் காய்ந்ததையே திரண்டதாக நினைத்து ஏபி என்று எழுதிவிடுவதும் உண்டு.

சரி, ஆய்வகத்திலும் ஓ என்றே வந்து, அப்பாவும் ஏபிதான் என்று உறுதியானால்? அப்போதும் உயிரியல் கதவைச் சாத்திவிடுவதில்லை. அபூர்வமாகச் சிலருக்கு ஏ, பி இரண்டும் ஒரே குரோமோசோமில் சேர்ந்திருக்கும்; இதை சிஸ்-ஏபி என்பார்கள். அவரது மற்ற குரோமோசோமில் ஓ இருந்தால் அதைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். இன்னொன்று, 1952-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட பம்பாய் ரத்த வகை. ஏ, பி இரண்டுக்குமே அடித்தளம் ஹெச் என்ற பொருள். அது உருவாகாதவரிடம் ஏ மரபணு இருந்தாலும் சாதாரணச் சோதனை ஓ என்றே காட்டும். பாடப் புத்தகத்தின் நாலு கட்டத்தில் இவை அடங்காது. ரத்தப் பிரிவை மட்டும் வைத்து யாருக்கு யார் பிள்ளை என்று முடிவு கட்ட முடியாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஆகவே நல்ல ஆய்வகம் ஒன்றில் உங்கள் பிரிவை மட்டும் திரும்பப் பாருங்கள். ஏ அல்லது பி என்று வந்தால் குழப்பம் அங்கேயே தீர்ந்தது. மறுபடியும் ஓ என்றால், அப்பாவுக்கும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நேரடியாகவே சொல்லலாம். அட்டையில் பிரிவு தப்பாக இருக்கிறதா என்று சரிபார்ப்பது யாருக்கும் நல்லதுதானே. அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் முடியையோ பல் துலக்கியையோ டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புவது மட்டும் கூடாது. அது அவருடைய உடலின் தகவல், அவர் சம்மதம் வேண்டும். மனசு அலைபாய்ந்தால் அம்மாவிடமோ, நம்பகமான மருத்துவரிடமோ தனியாகப் பேசுங்கள். தோழிக்கு “வகுப்புச் சோதனை அவ்வளவு நம்பகமில்லை” என்ற பதிலே போதும். அது பொய்யும் இல்லை.

இதில் பெரிய தவறு கரும்பலகையில் நடந்தது. ஒருவரின் ரத்தப் பிரிவு அவர் பெற்றோரைப் பற்றியும் ஏதோ சொல்லிவிடுகிறது. அவர்கள் அதற்குச் சம்மதிக்கவில்லையே! பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம், ‘எனக்கு வேண்டாம்’ என்பவருக்குக் காரணம் கேட்காத விலக்கு, முடிவு அவரவர் கையில் மட்டும். இதையெல்லாம் உங்கள் ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். செயற்கை ரத்தம் வைத்தே இந்தச் செய்முறையைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒரு விஷயம்: குத்திய ஊசி ஒவ்வொருவருக்கும் புதியதா? ஒரே ஊசியைத் துடைத்துத் துடைத்துப் பலருக்குக் குத்தியிருந்தால், ஸ்பிரிட்டில் துடைத்தது பாதுகாப்பு ஆகாது. ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிர்ப்போடு இருக்கும். அப்படி நடந்திருந்தால், ரத்தப் பிரிவுக் கவலையை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் தடுப்பூசி விவரத்தோடு இன்றே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.