இலங்கை வயலைவிட நம் வயல் அதிக மீத்தேன் விடுகிறதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஐந்து ஏக்கரில் நெல் போடுகிறேன். ஊருக்கு வந்த கார்பன் கிரெடிட் (மீத்தேன் போல பூமியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைத்ததற்காக விற்கும் சான்று) ஏஜென்ட் ஒருவர், "இலங்கையைவிட இந்திய வயல்கள் பல மடங்கு மீத்தேன் விடுகின்றன. சீக்கிரம் வரி வரும். இப்போதே கையெழுத்துப் போட்டால் ஏக்கருக்குப் பணம்" என்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். ஆதார், பட்டா நகலும் கொடுக்க வேண்டாம்.

நெல்லுக்கு மீத்தேன் வரி என்று இந்தியாவில் எதுவும் இல்லை. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் வந்த மீத்தேன் குறைப்பு உறுதிமொழியிலும் இந்தியா சேரவில்லை. பயமுறுத்திக் கையெழுத்து வாங்குபவரை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அந்தப் 'பல மடங்கு' விஷயம் இதுதான். இந்தியாவில் ஆண்டுக்கு நாலரைக் கோடி ஹெக்டேருக்கு மேல் நெல் பயிராகிறது. இலங்கையில் பெரும்போகம், சிறுபோகம் இரண்டும் சேர்ந்தே சுமார் 12 லட்சம் ஹெக்டேர்தான், தமிழ்நாட்டைவிடக் குறைவு. நாட்டு மொத்தத்தை ஒப்பிட்டால் நாம் பெரிதாகத்தான் தெரிவோம். ஹெக்டேர் கணக்குக்கு வாருங்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2019-ல் திருத்திய வழிகாட்டி, தொடர்ந்து நீர் நிற்கும் வயலுக்குத் தெற்காசியா முழுவதற்கும் ஒரே எண்ணைத்தான் வைத்திருக்கிறது: நாளுக்கு ஹெக்டேருக்கு 0.85 கிலோ. வித்தியாசம் வருவது எத்தனை நாள் நீர் நின்றது, வைக்கோலை எப்போது மடக்கி உழுதீர்கள் என்பதில்தான். இலங்கையின் பொலன்னறுவையில் நீர் கட்டிய வயலும் உங்கள் வயலும் இதில் ஒன்றுதான்.

இப்படி வழிகாட்டி அட்டவணையில் போட்ட எண்ணை வயலில் அளந்த எண் என்று நம்பவும் கூடாது. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி டன் மீத்தேன் விடுவதாக ஒரு காலத்தில் அமெரிக்க மதிப்பீடு சொன்னது. 1991-ல் நம் விஞ்ஞானிகள் வயலில் இறங்கி அளந்தபோது சுமார் 40 லட்சம் டன்தான் வந்தது. அரசாவது கணக்கை உடனுக்குடன் தருகிறதா? 2020-ஆம் ஆண்டுக் கணக்கு ஐ.நா.வுக்குப் போனதே 2024 டிசம்பர் கடைசியில். உங்கள் ஒன்றியத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்டுகள் நுழைகிறார்கள். எனக்கு எரிச்சலே இதில்தான்.

சரி, பணம். 110 நாள் நீர் நின்றால் மேற்படி எண்ணின்படி ஏக்கருக்குச் சுமார் 38 கிலோ மீத்தேன். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை அவ்வப்போது காயவிட்டு நீர் விட்டால் ஏறக்குறைய 21 கிலோ. மிச்சம் 17 கிலோ. மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு சூடாக்கும் என்பதால் அந்தக் கணக்குக்கு மாற்றிப் பெருக்கினாலும் அது அரை டன்கூட இல்லை. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன். அதாவது ஒரு போகத்தில் இரண்டு ஏக்கருக்கு ஒரு கிரெடிட், அதிலும் ஏஜென்டின் பங்கு போக மீதிதான் உங்களுக்கு. சீனாவின் 37 நெல் திட்டங்களை, கார்பன் கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2024-ல் நிராகரித்ததும் நினைவிருக்கட்டும். திட்டத்தின் பதிவேட்டு எண்ணும் தமிழில் ஒப்பந்த நகலும் கேளுங்கள். எத்தனை ஆண்டு உங்களைக் கட்டிவைக்கிறது என்று பாருங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து கூடவே கூடாது.

சம்பாவைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் வயலைக் காயவிடுவது உங்கள் கையில் இல்லை. மழை நிற்கும், வடிகால் வாய்க்கால் நிரம்பியிருக்கும், பக்கத்து வயல் நீரும் உங்கள் வயலுக்கு வரும். கடைமடையில் கேட்கவே வேண்டாம். நீரை வடிக்காமல் வடித்ததாக எழுதிக் கொடுத்தால் பொய்க் கணக்கில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும், ஏஜென்டுடையது இருக்காது. சம்பாவுக்கும் சேர்த்துக் காய்ச்சல் பாய்ச்சல் எழுதியிருந்தால், அந்த ஒப்பந்தமே வேண்டாம்.

பம்புசெட் வைத்துக் குறுவை செய்தால் கிரெடிட் இல்லாமலே செய்து பாருங்கள். துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் புதையுங்கள். உள்ளே நீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் சமயத்திலும் மட்டும் காயவிடாதீர்கள். அப்புறம், குறுவை வைக்கோலை அப்படியே மடக்கி உழுது உடனே தாளடி நடாதீர்கள். மீத்தேனை அதிகம் கிளப்புவது அதுதான். முடிந்தவரை வாரி வெளியே எடுத்துவிடுங்கள்.